பீரங்கி ரெண்டு தேவை

அன்னைக்கு எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணுதான். சீகிரியாவுக்குப் போய் ஒரு பெட்டிய வாங்கிக்கிட்டு வரணும். அவ்வளவுதான்.

காலையில போய் அந்திக்குள்ள திரும்பற வேல. கஷ்டமா? இல்ல. ஆபத்தா? சுத்தமா இல்ல. அப்படித்தான் நெனச்சேன்!

இது தொண்ணூறுகளோட கடைசியில நடந்தது. அப்ப நான் எல்கடுவ பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கர். பகல்ல ஃபைல், பேனா, பெரிய கிளாக்கரோட ஏச்சு. ஆபீஸ் முடிஞ்சா எனக்கு வேற ஒரு வாழ்க்க இருந்துச்சு. பழைய போர் விளையாட்டுப் பெட்டி சேர்க்கறது.

சிரிக்காதீங்க. சிலர் முத்திரை சேர்க்கறாங்க, சிலர் நாணயம் சேர்க்கறாங்க. நான் இது.

பெட்டியத் தொறந்தா உள்ள ஒரு பெரிய மேப் இருக்கும். மேப் முழுக்க தேன்கூடு மாதிரி ஆறு மூலக் கட்டம். கூடவே நகத்தளவு அட்டத் துண்டு இருநூறு முன்னூறு. ஒவ்வொரு துண்டும் ஒரு படை. எப்பவோ ஐரோப்பாவுல ராஜாமாருங்க போட்ட சண்டைய, தாயம் உருட்டி மேசையில மறுபடியும் போட்டுப் பாக்கலாம்.

எங்க தோட்டத்து பழைய தொரை ஊருக்குப் போனப்ப, பங்களாவுல இருந்து குப்பைக்குப் போக வெளிய வச்ச பெட்டி ஒண்ணு. கேட்டு வாங்கித் தொறந்தேன். அந்தப் பழைய அட்டையோட வாசம் இருக்கே! அன்னைக்கு விழுந்தவன்தான். கண்டி பழைய புத்தகக் கடை, ஹோட்டல்ல வேல செய்யற சொந்தக்காரங்கன்னு தேடித்தேடி, எட்டு வருஷத்துல பதினோரு பெட்டி. எல்லாம் என் பொண்டாட்டி ராணியோட அலுமாரியில, சேலைங்களுக்கு அடியில, பூச்சி உருண்டையோட.

ராணியோட தம்பி செல்வம் சீகிரியாவுல ஒரு ஹோட்டல்ல ரூம் துப்புரவு பாக்கறவன். அவன்தான் ஆபீசுக்கு ஃபோன் பண்ணினான்.

"மச்சான், வெள்ளக்காரர் ஒருத்தர் ஒங்க மாதிரிப் பைத்தியம் போல. பெட்டி ஒண்ண விட்டுட்டுப் போயிட்டாரு. மெனேஜர் கடிதம் போட்டுக் கேட்டாரு, 'ஆசப்படறவங்களுக்குக் குடுத்துருங்க'ன்னு பதில் வந்துருச்சு. செவப்புப் பெட்டி. மூடியில குதிரைக்காரன் படம்."

அதே செவப்புப் பெட்டிதான் என்கிட்டயும் இருக்கு! தொரை வீட்டுல கெடச்ச மொதப் பெட்டி, ராத்திரியில நான் ஆடறதே அதைத்தான்.

ராணிகிட்ட சொன்னேன்.

"அதே பெட்டி நம்மகிட்ட இருக்குதானே? இன்னொண்ணு எதுக்கு?"

"நம்ம பெட்டியில அட்டை குறையுது ராணி. கரப்பான் தின்னுருச்சு. புதுசுல இருந்து எடுத்து அத நெரப்பிடலாம்."

"அப்ப புதுசுல குறையுமே?"

"அதுக்கு இன்னொரு பெட்டி தேடணும்."

ராணி ரொட்டிய தோசைக்கல்லுல கொஞ்சம் பலமாத் திருப்பிப் போட்டா. அவ்வளவுதான்.

கெளம்பறதுக்கு முன்னாடி, குறையற அட்டைங்கள ஒரு துண்டுக் கடதாசியில எழுதி சட்டப் பையில போட்டுக்கிட்டேன். ஒழுங்கா வேல செய்யற கிளாக்கர் இல்லையா! அந்தக் கடதாசிய எழுதின கையத்தான் நான் அன்னைக்கு ஒடிச்சிருக்கணும்.

போற வழியில ஒரு தொல்லையும் இல்ல. செல்வம் பெட்டிய ஒரு தலகாணி உறைக்குள்ள போட்டுக் கட்டிக் குடுத்தான். தம்புள்ளையில மாத்தளை பஸ் ஏறினேன். ஜன்னல் சீட். மடியில பெட்டி. ராஜா மாதிரி வந்தேன்.

பக்கத்துல மாத்தளை டவுன்ல மளிகக் கட வச்சிருக்கற ஹாஜியார் ஒருத்தர். வெள்ளத் தொப்பி, வெள்ளத் தாடி, கால்மாட்டுல மொளகா மூட்டை. ரொம்ப நல்ல மனுசன். அன்னைக்கு எனக்கு வந்த கஷ்டத்துல பாதி அவரோட நல்ல மனசாலதான் வந்துச்சு.

அலுவிகாரைக்கு முன்னாடி ஒரு ஆமி செக் பொயின்ட், ராணுவச் சோதனைச் சாவடி. யுத்தம் நடந்த அந்த வருஷங்கள்ல பஸ்ல போனவங்களுக்குத் தெரியும். எல்லாரும் எறங்கணும். சாமானோட வரிசையில நிக்கணும். ஐடென்டிட்டியக் காட்டணும். திரும்ப ஏறணும்.

என் முறை வந்துச்சு. சாஜன், அதாவது சார்ஜன்ட் ஒருத்தர், கட்ட மீச. (பேச்செல்லாம் சிங்களத்துலதான், நான் தமிழ்ல சொல்றேன்.)

"இது என்ன?"

"வெளையாட்டுச் சாமான் சேர்."

"புள்ளைக்கா?"

இங்கதான் "ஆமா சேர்"னு சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா ரெண்டு நிமிசத்துல பஸ்ல ஏறியிருப்பேன். எனக்கு ரோஷம் வந்துருச்சு!

"இல்ல சேர். எனக்கு."

சாஜன் என்னய மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. முப்பத்தெட்டு வயசு, முன்மண்டையில முடி இல்ல. தலகாணி உறையில இருந்து பெட்டிய வெளிய எடுத்து மூடியத் தொறந்தாரு.

மேலயே மேப். விரிச்சாரு. மல, ஆறு, பாலம், ரோடு, கோட்ட. எல்லாக் கட்டத்துலயும் நம்பர்.

அவரு முகம் மாறிச்சு.

அடுத்தது அட்டத் துண்டு. ஒண்ண எடுத்துக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்தாரு. ஒரு பெட்டி போட்டு அதுக்குள்ள பெருக்கல் குறி.

"இது காலாட்படையோட அடையாளம்." இன்னொண்ண எடுத்தாரு. பெட்டிக்கு நடுவுல ஒரு புள்ளி. "இது பீரங்கிப் படை. இதெல்லாம் எங்க மேப்புல போடற அடையாளம். உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

புத்தியுள்ள எவனும் இந்த எடத்துல நடுங்கியிருப்பான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சந்தோசப்பட்டேன்!

எட்டு வருஷமா தோட்டத்துல யார்கிட்ட காட்டினாலும் "இது என்ன பீங்கான் ஒடஞ்ச மாதிரி"ன்னுதான் கேட்டிருக்காங்க. மொத மொறையா ஒரு மனுசன் பாத்த ஒடனே புரிஞ்சுக்கிட்டாரு!

"சேருக்குத் தெரியுமா! ஆமா சேர், அது பீரங்கிதான். கீழ இருக்கற நம்பர் ஆறு, அது தாக்கற பலம் சேர். பக்கத்துல இருக்கற நாலு, அது எவ்வளவு தூரம் போகும்னு. மலையில ஏத்தி வச்சா பலம் ரெட்டிப்பாகும் சேர். அதனால மொதல்ல மலையப் புடிக்கணும். அப்பறம் பாலத்த..."

பின்னால நின்ன சனம் மெதுவா ரெண்டு அடி தள்ளிப் போச்சு. அப்பதான் எனக்கே என் வாய் கேட்டுச்சு.

"கைய மேல தூக்கு" அப்படின்னாரு சாஜன்.

தூக்கினேன். சட்டப் பையில இருந்த கடதாசிய எடுத்தாரு. தமிழ்ல இருந்துச்சு.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"சாமான் லிஸ்ட் சேர். வீட்டுக்கு... பருப்பு, சீனி..."

"நான் வாசிக்கிறேன் சேர்!"

ஹாஜியார்! உதவி செய்யணும்னு ஓடி வந்தாரு பாவம். கண்ணாடியப் போட்டுக்கிட்டு, வானொலியில செய்தி வாசிக்கற மாதிரி, நல்ல கணீர்னு சிங்களத்துல மொழி பேத்தாரு.

"பீரங்கி ரெண்டு தேவை. குதிரைப்படை மூணு குறையுது. ஒன்பதாம் படைக்குத் தளபதி இல்ல. பாலம் சேதம். செல்வத்திடம் கேக்கவும்."

வாசிச்சு முடிச்சப்பறம்தான் என்ன வாசிச்சோம்னு அவருக்கே விளங்கிச்சு.

"அல்லாவே! தம்பி, இது சீனியும் பருப்பும் இல்லையே!"

சாஜன் ரேடியோவுல யார்கூடயோ பேசினாரு. பஸ் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. கொண்டக்டர் தலையில கை வச்சுக்கிட்டாரு. என்னய மணல் மூட்டைக்குப் பின்னால இருந்த கொட்டிலுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க.

அந்தக் காலத்துல ஒரு தமிழன் அப்படி உள்ள போனா எப்ப வெளிய வருவான்னு சொல்ல முடியாது. எத்தனையோ பேரு அப்படிப் போயிருக்காங்க. எனக்கு ராணி முகம்தான் ஞாபகம் வந்துச்சு. அதுலயும் அந்த ரொட்டியத் திருப்பிப் போட்ட முகம்!

உள்ள ஒரு கெப்டன். சின்ன வயசுதான், அமைதியான ஆளு. கடதாசியோட மொழிபெயர்ப்பக் கேட்டாரு. அட்டைங்களப் பாத்தாரு. என்னயப் பாத்தாரு.

"வெளையாட்டுன்னு சொல்றீங்க."

"சத்தியமா வெளையாட்டு சேர்."

"சரி. வெளையாடிக் காட்டுங்க."

"இப்பவா சேர்?"

"இப்பதான். சாஜன், நீங்க இவரோட ஒக்காருங்க."

கொட்டிலுக்கு வெளிய மரத்து நெழல்ல மேசையப் போட்டாங்க. மேப்ப விரிச்சோம். பெட்டியில தாயக்கட்ட இல்ல. சிப்பாய் ஒருத்தன் உள்ள போய் அவங்களோட லூடோ கட்டைய எடுத்துட்டு வந்தான். பஸ் சனம் மொத்தமும் சுத்தி நின்னுருச்சு. போக முடியாதே, வேற என்ன செய்யறது!

சாஜன் மொத கேள்வி கேட்டாரு.

"இதுல எது ஆமி?"

"ரெண்டும் ஆமிதான் சேர். நீலம் ஒண்ணு, செவப்பு ஒண்ணு."

"எது அரசாங்கத்து ஆமி?"

சனம் மூச்ச அடக்கிக்கிச்சு. நானும்தான்.

"நீலம் சேர். பெரிய படை. அது சேருக்கு."

"அப்ப நீ யாரு?"

"நான் வந்து... பக்கத்து நாட்டு ராஜா சேர். ரொம்பத் தூரத்து நாடு."

கெப்டனோட ஒதட்டுல ஒரு ஓரம் மட்டும் அசஞ்சுச்சு.

ஆட்டம் ஆரம்பிச்சுச்சு. இந்த எடத்துல நான் ஒங்களுக்கு ஒரு உண்மையச் சொல்லணும். பதினோரு பெட்டி வச்சிருந்தேனே ஒழிய, அதுவரைக்கும் இன்னொரு ஆளோட நான் வெளையாடினதே இல்ல! யாரு வருவா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பறம் நானே நீலம், நானே செவப்பு. புத்தகத்துல மொத நாலஞ்சு பக்கத்தப் படிச்சேன். மிச்சத்த குத்துமதிப்பாப் போட்டுக்கிட்டேன். தனியா வெளையாடறவனுக்குத் தப்புன்னு சொல்ல யாரு இருக்கா?

என் திட்டம் சிம்பிள். தோக்கணும். சீக்கிரமாத் தோத்து, சாஜனோட கைகுலுக்கி, பஸ்ல ஏறணும். ஆமிக்காரன ஜெயிச்சுட்டு எல்கடுவ பஸ்ஸ எப்படிப் புடிக்கறது?

நான் எல்லாப் படையையும் கோட்டைய விட்டு வெளிய எடுத்து, நட்டநடுத் திடல்ல நிறுத்தினேன். வந்து அடிங்கன்னு.

சாஜன் குதிரைப்படைய நேரா ஆத்துக்குள்ள விட்டாரு.

"சேர், ஆத்துல எறங்க முடியாது. பாலத்து வழியாத்தான் போகணும்."

"எங்க ஆளுங்களுக்கு நீச்சல் தெரியும்."

"புத்தகத்துல அப்படி இருக்கு சேர்."

"புத்தகத்த எழுதினது யாரு?"

"வெள்ளக்காரன் சேர்."

"அவனுக்கு ஆத்தப் பத்தி என்ன தெரியும்?"

சனம் தல ஆட்டிச்சு. நானும் ஆட்டினேன். குதிர நீந்திச்சு. கெப்டன் மட்டும் "அந்தப் புத்தகத்த இங்க குடுங்க"ன்னு வாங்கி, ஒரு ஓரமா ஒக்காந்து புரட்ட ஆரம்பிச்சாரு.

நீந்தி வந்த குதிர என்னய அடிச்சுது. நான் கட்டைய உருட்டினேன்.

ஆறு!

குதிர செத்துருச்சு.

"மன்னிச்சுக்குங்க சேர்!"

அடுத்த அடி. ஒண்ணு விழணும், ஒண்ணு விழணும்னு கதிர்காமக் கந்தன நெனச்சு உருட்டினேன். ஆறு! வீட்ல தனியா வெளையாடறப்ப மூணுக்கு மேல விழாத கை அது!

சரி, கட்டைய நம்பினா வேலைக்கு ஆகாது. ஓடிருவோம்னு எல்லாப் படையையும் பின்னால எடுத்தேன். சாஜன் கண்ணச் சுருக்கினாரு.

"ஏன் பின்னால போற?"

"பயந்து போறேன் சேர்."

"பொய்! என்னய உள்ள இழுத்துட்டு, ரெண்டு பக்கமும் சுத்தி வளைக்கப் பாக்கற. இத எங்க படிச்ச?"

"எங்கயும் படிக்கல சேர்! உண்மையிலயே ஓடறேன்!"

இதுக்குள்ள சனம் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிருச்சு. டிரைவர் சாஜன் பக்கம். கொண்டக்டர் மொதல்ல நேரத்தப் பாத்துக்கிட்டு இருந்தவரு, பிறகு "மலைய விடாதீங்க, மலைய விடாதீங்க"ன்னு கத்திக்கிட்டு இருந்தாரு. எந்த மலைன்னு அவருக்கும் தெரியாது. கைப்புள்ளையோட நின்ன ஒரு அம்மா, "பாவம், அந்தக் கருத்த ஆளு ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும்"னு எனக்காகப் பேசினா. அம்மா, வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்!

ஹாஜியாருக்கோ என்னயக் காட்டிக் குடுத்துட்டோமேன்னு மனசு கேக்கல. பரிகாரம் செய்யணும்னு என் தோள்ல சாஞ்சுக்கிட்டாரு.

"தம்பி, அந்தப் பீரங்கிய இப்படி மலையில வைங்க. அவரோட தளபதி அம்புடுறாரு பாருங்க!"

"வேணாம் ஹாஜியார்."

"வைங்க தம்பி! நல்ல எடம்!"

"எனக்கு வேணாம் ஹாஜியார்!"

அவரே எடுத்து வச்சுட்டாரு. கட்டையையும் அவரே உருட்டிட்டாரு. என்ன விழுந்திருக்கும்னு நான் சொல்லணுமா?

சாஜனோட தளபதி காலி. மீச துடிச்சுச்சு. ரெண்டு மணி நேரமா ஆடறோம். திடல் பூரா நீல அட்டை செத்துக் கெடக்கு. என் வாழ்க்கையில அவ்வளவு பெரிய வெற்றிய நான் பாத்ததே இல்ல. அவ்வளவு பயந்ததும் இல்ல.

சாஜன் எந்திரிச்சாரு.

"சேர், இந்த ஆள நம்ப முடியாது. இவன் தேயிலத் தோட்டத்துக் கிளாக்கர் இல்ல. பயிற்சி எடுத்தவன்!"

கொண்டக்டர் கூட மலைய மறந்துட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு.

அப்ப கெப்டன் புத்தகத்துக்குள்ள ஒரு வெரல வச்சுக்கிட்டு மெதுவா எந்திரிச்சு வந்தாரு.

"ஒங்க கோட்டையில யாரு இருக்கா?"

"யாரும் இல்ல சேர்."

"எப்ப வெளிய எடுத்தீங்க?"

"ஆட்டம் தொடங்கின ஒடனேயே சேர்."

"எப்பவுமே அப்படித்தானா?"

"எப்பவுமே சேர். உள்ள இருந்தா சும்மாதானே இருக்கும்னு..."

கெப்டன் புத்தகத்த மேசையில வச்சு, ஒரு வரியக் காட்டினாரு. இங்கிலீசுல இருந்தத எல்லாருக்கும் கேக்கற மாதிரி சிங்களத்துல சொன்னாரு.

"கோட்டையில ஒரு படையாவது இல்லாமப் போனா, அந்தப் பக்கம் அந்த நிமிசமே தோத்தது. ஏழாம் பக்கம்."

நான் வாசிச்சேன். திரும்ப வாசிச்சேன்.

அப்படின்னா ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடியே நான் தோத்தாச்சு! கட்டைய உருட்டறதுக்கு முன்னாடியே தோத்தாச்சு! அது மட்டுமா? எட்டு வருஷமா, ராத்திரி ராத்திரி, வெளக்க ஏத்தி வச்சுக்கிட்டு நான் ஆடின ஒவ்வொரு ஆட்டமும் மொத நிமிசத்துலயே முடிஞ்சு போயிருக்கு. அது தெரியாம விடிய விடிய சண்ட போட்டிருக்கேன்!

கெப்டன் என் முகத்தப் பாத்தாரு. எப்படி இருந்துச்சோ தெரியல, மனுசன் அடக்க முடியாமச் சிரிச்சுட்டாரு. அப்பறம் சாஜன் பக்கம் திரும்பினாரு.

"இவர விடுங்க. எட்டு வருஷமா கோட்டையக் காலியா விட்டுட்டுச் சண்ட போடற ஆள எந்த இயக்கமும் சேத்துக்காது."

சாஜனுக்கு என்னய விட்டதுல பெருசா வருத்தம் இல்ல. ஜெயிச்சது தான்தான்னு தெரிஞ்சதுல ஆளு பூரிச்சுப் போயிட்டாரு. எல்லா சிப்பாய்கிட்டயும் கைகுலுக்கினாரு. என்கிட்டயும்.

"மோசமில்ல. ஆனா ஒனக்கு இன்னும் பழக்கம் பத்தாது" அப்படின்னாரு.

"ஆமா சேர்" அப்படின்னேன்.

சனமே குனிஞ்சு, புல்லுல விழுந்த அட்டைங்களப் பொறுக்கிக் குடுத்துச்சு. ஹாஜியார் அத்தனையையும் எண்ணி, பெட்டியில போட்டு, தலகாணி உறையில முடிச்சும் போட்டாரு. டிரைவர் "கடைசியில நம்ம சாஜன்தானே ஜெயிச்சாரு"ன்னு கொண்டக்டர்கிட்ட மாத்தளை வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாரு. கடைசி எல்கடுவ பஸ்ஸ மிதிபலகையில தொங்கிக்கிட்டுப் புடிச்சேன்.

ராணி வாசல்லயே நின்னா.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"வெளையாடிக்கிட்டு இருந்தேன்."

"யார்கூட?"

"ஆமிகூட."

அவ என்னயத் தலையில இருந்து கால் வரைக்கும் தடவிப் பாத்தா. கை கால் எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு. எல்லாம் இருந்துச்சு. அப்பறம்தான் கேட்டா.

"யாரு ஜெயிச்சா?"

"அவங்கதான்."

"அப்பாடா!"ன்னு ஒரு மூச்சு விட்டா பாருங்க. நான் தோத்ததுக்கு இவ்வளவு சந்தோசப்பட்ட பொம்பளைய நான் பாத்ததே இல்ல.

இன்னைக்கு என்கிட்ட இருபத்தி மூணு பெட்டி இருக்கு. எல்லாத்துலயும் புத்தகம் இருக்கு. எதையும் ஆறாம் பக்கத்துக்கு மேல படிக்கறதில்ல.